வெயிலில் காய்ந்த விதை ஏன் சீக்கிரம் கிழடாகிறது?

வேலூர், குடியாத்தம், அணைக்கட்டு, ஆரணி, போளூர் என்று பழைய வடஆற்காட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர்களுக்கு ஒரு முரண் நன்றாகத் தெரியும். ஆடியில் மானாவாரியாக விதைத்து, ஐப்பசி கார்த்திகையில் பிடுங்கிய காயை விதைக்கு என்று ஒதுக்கி வைத்தால், அடுத்த ஆடி வரை ஓரளவு தாங்குகிறது. மார்கழியில் கிணற்றுப் பாசனத்தில் போட்டுச் சித்திரையில் பிடுங்கிய காய் அப்படியில்லை. அதையும் ஏறக்குறைய அதே எட்டு மாதம் வைத்திருந்து அடுத்த மார்கழிப் பட்டத்துக்கு எடுத்தால், வயலில் அங்கங்கே சொட்டை விழுகிறது. இத்தனைக்கும் நன்றாகக் காய்ந்தது சித்திரைக் காய்தான். குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும். ஈரம்தான் விதைக்கு எதிரி என்றால், வேலூர் வெயிலில் சுக்காகக் காய்ந்த விதை அல்லவா நீண்ட நாள் வாழ வேண்டும்?

ஈரம் எதிரிதான், ஆனால் அது நேராக வந்து கொல்வதில்லை. சேமித்த விதையை மூப்படையச் செய்யும் வேலையைப் பெரும்பாலும் ஆக்சிஜன் செய்கிறது. ஈரமும் சூடும் அந்த வேலையின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. வெளிச்சம் சில விதைகளில் மட்டும் அதற்குக் கூடுதலாக ஒரு கை கொடுக்கிறது. வெயில் என்று நாம் சொல்லும்போது இதில் மூன்று சேர்ந்தே வருகின்றன: ஈரத்தை எடுக்கும் நன்மை, சூட்டின் கேடு, ஒளியின் கேடு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காததால்தான் சித்திரைக் காய் புதிராகத் தெரிகிறது.

முதலில் ஆக்சிஜன். உயிருள்ள எந்தச் செல்லிலும் ஆக்சிஜனின் ஒரு சிறு பங்கு வழிதவறிப் போய், சூப்பர்ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் ராடிக்கல் போன்ற துடுக்கான வடிவங்களை எடுக்கும். மூப்புக்கு இந்த ஃப்ரீ ராடிக்கல்கள்தான் காரணம் என்ற கருத்தை அமெரிக்க ஆய்வாளர் டென்ஹாம் ஹார்மன் 1956இல் முன்வைத்தார். மனித மூப்பு விஷயத்தில் அந்தக் கருத்துக்குப் பிற்பாடு நிறைய மறுப்புகளும் திருத்தங்களும் வந்தன. விதை விஷயத்தில் அது இன்னும் திடமாக நிற்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. இலையிலோ வேரிலோ இப்படிச் சேதம் நடந்தால் செல் உடனே பழுது பார்த்துக்கொள்ளும். காய்ந்த விதைக்குள் அந்தப் பழுதுவேலையைச் செய்யும் நொதிகள் தண்ணீர் இல்லாமல் அசையாமல் கிடக்கின்றன. சேதம் மட்டும் நடக்கிறது, கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது.

அந்தச் சேதம் அதிகம் விழும் இடம் செல்லின் சவ்வு. சவ்வுகள் கொழுப்பால் ஆனவை. கொழுப்பு அமிலச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு எங்கே இருக்கிறதோ அதன் பக்கத்தில்தான் ராடிக்கல் கடிக்கும். கடிபட்ட சங்கிலி தானே ஒரு ராடிக்கலாக மாறிப் பக்கத்துச் சங்கிலியைக் கடிக்கும், அது அடுத்ததை. ஒரு தொடக்கம் போதும், தொடர்வினை தானாக ஓடும். கடைசியில் சங்கிலிகள் உடைந்து ஆல்டிஹைடுகள் உண்டாகின்றன. பழைய மல்லாட்டைப் பருப்பை வாயில் போட்டால் வரும் காறலும், நாள்பட்ட எண்ணெயில் வரும் சிக்கு வாடையும் இவற்றால் வருபவைதான். அந்த ஆல்டிஹைடுகள் நாக்கைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. புரதங்களோடும் டிஎன்ஏவோடும் ஒட்டிக்கொண்டு அவற்றையும் பாழாக்குகின்றன. எனவே வாயில் காறும் பருப்பை விதைக்க எடுக்காதே என்று சொல்லும் பெரியவர்கள், வேதியியல் கருவி இல்லாமலேயே ஒரு நல்ல சோதனையைச் செய்து முடித்துவிடுகிறார்கள்.

இரட்டைப் பிணைப்பு எத்தனை என்பது இங்கே முக்கியம். ஒரே ஒரு பிணைப்பு உள்ள ஓலெயிக் அமிலத்தைவிட இரண்டு உள்ள லினோலெயிக் அமிலம் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் கெடும். மல்லாட்டைப் பருப்பில் ஏறத்தாழ பாதி எண்ணெய், அதில் லினோலெயிக் கணிசம். எள்ளிலும் எண்ணெய்க்குக் குறைவில்லை, ஆனாலும் அது இவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. எள்ளுக்குள் செசமின், செசமோலின் போன்ற பாதுகாப்புப் பொருள்கள் இருப்பது ஒரு காரணம். நல்லெண்ணெய் ஏன் சீக்கிரம் சிக்கு பிடிப்பதில்லை என்பதற்கும் பதில் அதுதான்.

பாதுகாப்புப் பொருள் என்றதும் வைட்டமின் ஈ பற்றிச் சொல்ல வேண்டும். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், வைட்டமின் ஈ உருவாகாதபடி மரபணு கெட்டுப்போன வகைகளை எடுத்துச் சோதித்த ஆய்வு ஒன்று 2004இல் வந்தது. அந்த விதைகளின் ஆயுள் வெகுவாகக் குறைந்திருந்தது, முளைத்தவற்றிலும் கொழுப்புச் சிதைவு மிகுந்திருந்தது. விதைக்குள் இருக்கும் வைட்டமின் ஈயும் குளூட்டாதியோனும் ராடிக்கல்களைத் தாங்கள் ஏற்று அடக்கிவிடுகின்றன. ஆனால் காய்ந்த விதையில் புதிதாக இவற்றைச் செய்துகொள்ள முடியாது. வைத்த கையிருப்பு தீரும் வரைதான். சேமிப்பில் எல்லோரும் காணும் ஒரு விஷயம் இதோடு பொருந்துகிறது: விதை மாதக்கணக்கில் நன்றாகவே முளைத்துக்கொண்டிருக்கும், அப்புறம் கிடுகிடுவென்று விழும். படிப்படியாகக் குறைந்திருந்தால் முன்கூட்டியே சுதாரித்திருக்கலாம்.

சரி, ஈரமும் சூடும் இதில் எங்கே வருகின்றன? நன்றாகக் காய்ந்த விதைச் செல்லின் உட்பொருள் கெட்டிப் பாகு இறுகிக் குச்சி மிட்டாய் ஆவதுபோல் இறுகி நிற்கிறது. அறிவியலில் இதற்குக் கண்ணாடி நிலை என்றே பெயர். அந்த நிலையில் மூலக்கூறுகள் இடம் பெயர்வது மிக மெதுவாக நடக்கும், எனவே வினைகளும் மெதுவாக நடக்கும். ஈரம் கூடினால் அல்லது சூடு கூடினால் அந்த இறுக்கம் இளகிவிடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இருந்த ஜேம்ஸ் ஹாரிங்டன் இதை விவசாயிக்கும் புரியும் இரண்டு கணக்குகளாக்கினார். விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும். ஈரம் 5 முதல் 14 சதவீதத்துக்குள் இருக்கும்போது இது தோராயமாகப் பொருந்தும். இவற்றோடு ஒட்டி இன்னொரு கணக்கும் சொல்வார்கள்: பாரன்ஹீட்டில் வெப்பத்தையும், காற்றின் ஈரப்பதச் சதவீதத்தையும் கூட்டினால் 100க்குள் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசிக் கணக்கை வேலூரில் போட்டுப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி செல்சியஸ் என்பது இங்கே புதினமில்லை. அது 104 பாரன்ஹீட். காற்றில் ஈரம் துளியும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு தாண்டிவிட்டது. அதாவது இந்த ஊரில் சாதாரண வீட்டுச் சேமிப்பில் அந்தக் கணக்குக்குள் விதையை வைப்பது கோடையில் நடக்காத காரியம். வெப்பம் நம் கையில் இல்லை, எனவே ஈரத்திலும் ஆக்சிஜனிலும் வெளிச்சத்திலும்தான் கை வைக்க முடியும்.

ஈரத்தில் எண்ணெய் வித்துகளுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. இந்தியச் சான்று விதைத் தரத்தில் நெல்லுக்கு 13 சதவீத ஈரம் வரை ஏற்பு, மல்லாட்டைக்கு 9 வரைதான். எண்ணெய் தண்ணீரை ஏற்காது. 100 கிராம் பருப்பில் 9 கிராம் தண்ணீரும் 45 கிராம் எண்ணெயும் என்று எடுத்துக்கொண்டால், அந்த 9 கிராமும் மீதமுள்ள 46 கிராம் புரதம், மாவு, நாரிலேயே தங்குகிறது. அந்தப் பகுதியை மட்டும் கணக்கிட்டால் ஈரம் 16 சதவீதத்துக்கு வந்துவிடும். 9 என்ற எண் சிறிதாகத் தெரிந்தாலும், உயிருள்ள பகுதியைப் பொறுத்தவரை 13 சதவீத நெல்லைவிட அது ஈரமான விதை. காற்றுப் புகாத உறையில் அடைப்பதானால் மல்லாட்டைக்கு 5, நெல்லுக்கு 8 என்று தரம் இன்னும் இறங்குவதில் நியாயம் இருக்கிறது.

இனி சித்திரைக் காய்க்கு வருவோம். களத்தில் காற்று 40, 41 டிகிரி இருக்கும்போது, உச்சி வெயிலில் சிமெண்ட் தரை 50ஐத் தாண்டுவது சாதாரணம். பிடுங்கிய காயில் அப்போது ஈரம் 30, 40 சதவீதம் இருக்கும். ஈரமான விதை சூட்டைத் தாங்காது. காய்ந்த விதை 50 டிகிரியில் சில மணி நேரம் இருந்தாலும் பிழைக்கும், பச்சைக் காய்க்குள் இருக்கும் பருப்பு அதே சூட்டில் பாதி வெந்துபோகிறது என்றே சொல்லலாம். சவ்வுகள் குலைகின்றன, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா கெடுகிறது, ராடிக்கலை அடக்கும் பொருள்களின் கையிருப்பில் பெரும்பங்கு அந்தச் சில நாட்களிலேயே செலவாகிறது. அப்போதே முளைக்க வைத்துப் பார்த்தால் நன்றாகத்தான் முளைக்கும், அதுதான் ஏமாற்றும். அப்படி அரைக் கையிருப்போடு மூட்டைக்குள் போன விதை, ஆடியிலிருந்து ஐப்பசி வரை இரண்டு பருவமழையின் ஈரக்காற்றையும் சணல் சாக்கு வழியாக உறிஞ்சுகிறது. கார்த்திகைக் காய்க்கு இந்த இரண்டும் வேறு வரிசையில் நடக்கின்றன. மிதமான வெயிலில் மெல்லக் காய்ந்து, வறண்ட தை, மாசி, பங்குனியைக் கடந்து, மழை தொடங்கும்போது விதைக்கப் போய்விடுகிறது.

இதனால்தான் கோடை அறுவடைக்கு, செடியோடு பிடுங்கி, மூங்கில் முக்காலியில் காய் உள்பக்கமும் தழை வெளிப்பக்கமுமாக அடுக்கி, நிழலில் காற்றாடக் காயவைக்கும் முறையைப் பரிந்துரைக்கிறார்கள். ஆள் கூலியும் இடமும் கிடைக்கிற இடத்தில் இது நடக்கும். கிடைக்காத இடத்தில், விதைக்கு வேண்டிய மூட்டைகளுக்கு மட்டுமாவது செய்யலாம். முழு விளைச்சலையும் அப்படிக் காயவைக்கச் சொல்வது ஏட்டுச் சுரைக்காய்.

பகல் 12 முதல் 3 மணி வரை விதையை வெயிலில் பரப்பக்கூடாது என்று வேளாண் அலுவலர்கள் சொல்வது உண்டு. அந்த நேரப் புறஊதாக் கதிர் விதையைக் கெடுக்கும் என்பார்கள். அறிவுரை சரி, காரணத்தைத்தான் விதைக்கு விதை பிரிக்க வேண்டும் என்பது என் கருத்து. மல்லாட்டைக் காயின் ஓட்டைத் தாண்டிப் புறஊதா உள்ளே போவதில்லை, அங்கே கேடு சூட்டால்தான். நெல்லுக்கு உமி இருக்கிறது. ஆனால் கத்திரி, தக்காளி, வெங்காயம் போல உறையில்லாமல் மெல்லியதாகப் பரப்பும் விதைகளில் ஒளியின் பங்கை ஒதுக்கிவிட முடியாது.

ஒளி செய்யும் கேட்டில் விசித்திரமானது பச்சையத்தின் வேலை. இலையில் உணவு சமைக்கும் அதே பச்சையம், முதிர்ந்த விதையில் மிச்சம் இருந்தால் வினையாகிவிடும். ஒளியை உறிஞ்சிய பச்சையம் அந்த ஆற்றலைப் பக்கத்திலுள்ள ஆக்சிஜனுக்குத் தள்ளிவிடும். அப்போது உண்டாவது சிங்லெட் ஆக்சிஜன். சாதாரண ஆக்சிஜனோடு ஒப்பிட்டால் லினோலெயிக் அமிலத்தோடு அது ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமாக வினைபுரியும், தொடக்கத்துக்கு வேறொரு ராடிக்கலும் தேவையில்லை. எனவே நல்ல விதை முதிரும்போது தன் பச்சையத்தைத் தானே சிதைத்துவிடுகிறது. அந்த வேலை நடக்காதபடி மரபணு மாறிய அராபிடாப்சிஸ் வகையின் விதைகள் கடைசிவரை பச்சையாகவே இருந்து, வெகு சீக்கிரம் முளைப்புத் திறனை இழக்கின்றன. சோயாவிலும் வறட்சியால் அவசரமாகக் காய்ந்து பச்சையாகவே நின்றுவிட்ட விதைகள் சேமிப்பில் தாங்குவதில்லை. 1990களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதையே கருவியாக்கினார்கள். விதை மீது ஒளி அடித்து, பச்சையம் திருப்பி ஒளிர்வதை அளந்து, முதிராத முட்டைகோஸ் விதைகளைத் தனியே பிரித்தார்கள்.

மல்லாட்டை மண்ணுக்குள் இருட்டில் விளைவது. அதன் பருப்பில் பச்சையம் அவ்வளவாகக் கிடையாது. அதனால் இந்தத் தொல்லையில் அது பெரும்பாலும் தப்புகிறது. ஆனால் ஓடு உடைத்து எடுத்த பருப்பில் கதை மாறுகிறது. செந்தோலில் உள்ள டானின் போன்ற பொருள்கள் ஒரு திரையாக நிற்கின்றன, அந்தத் தோல் உரிந்த அல்லது கீறிய இடத்தில் எண்ணெய் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் திறந்து கிடக்கிறது. இயந்திரத்தில் உடைத்த பருப்பு சீக்கிரம் கெடுவதற்கும், விதைக்கு மட்டும் கையால் உரித்து, அதையும் விதைப்புக்கு முந்தைய சில நாட்களில் செய்வதற்கும் இதுவே அடிப்படை.

வெளிச்சத்தின் கைவரிசையைக் கண்ணால் காண வேண்டும் என்றால் வெளிர்நிறத் தோல் கொண்ட பீன்ஸ் விதையைக் கண்ணாடிப் புட்டியில் போட்டுச் சன்னலோரம் வைத்துப் பாருங்கள். இருட்டில் வைத்ததைவிடச் சீக்கிரம் பழுப்பேறும். தோலில் உள்ள பாலிஃபீனால்கள் ஆக்சிஜனேற்றம் அடைவதன் நிறம் அது. நிறம் மாறியதெல்லாம் செத்துவிட்டது என்று பொருளில்லை. தோல்தான் முதலில் அடி வாங்குகிறது, கரு உள்ளே பத்திரமாக இருக்கலாம். ஆனால் தோலின் பாதுகாப்பு அந்த அளவுக்குச் செலவாகிவிட்டது.

அணைக்கட்டு வட்டத்து இலவம்பாடியின் முள்கத்திரிக்கு 2023இல் வேலூர் முள்கத்திரிக்காய் என்று புவிசார் குறியீடு கிடைத்தது. இப்படிப்பட்ட உள்ளூர் ரகத்தின் பேச்சில் விதைச் சேமிப்பு தனி இடம் பிடிக்க வேண்டும். கம்பெனி பாக்கெட்டில் கிடைக்காத விதைக்கு, விவசாயி வீட்டுப் பானைதான் வங்கி. கத்திரியில் காய் மஞ்சளாகிப் பழுக்கும் வரை செடியிலேயே விட்டு, சதையைப் பிசைந்து கழுவி, மிதக்கும் சொத்தை விதைகளை நீக்கி, சாம்பலோடு புரட்டி நிழலில் உலர்த்துவது வழக்கமான முறை. சாம்பல் மேலீரத்தை இழுக்கும், பூச்சியையும் தடுக்கும். மெல்லிய வெளிர்நிற விதைக்கு நிழல் தேவை என்பதற்கு மேலே சொன்ன காரணங்கள் போதும். பிஞ்சாகப் பறித்த காயில் எடுத்த விதை எவ்வளவு பக்குவமாக வைத்தாலும் நிற்காது. முதிர்ச்சியின் கடைசிக் கட்டத்தில்தான் விதை தன் பாதுகாப்புச் சர்க்கரைகளையும் ராடிக்கலை அடக்கும் பொருள்களையும் நிரப்பிக்கொள்கிறது.

பழைய வீடுகளின் ஏற்பாட்டை இந்தக் கண்ணோடு பார்த்தால் மதிப்பெண் கலவையாகத்தான் வரும். இருட்டு மூலையில் அடுக்குப் பானை, அடுப்பின் புகை படும் பரண், சுரைக்குடுக்கை, சாணத்தில் பதித்துச் சுவரில் ஒட்டிய பூசணி விதை, செம்மண் பூசிய துவரை: எல்லாம் வெளிச்சத்தை மறைக்கின்றன, பூச்சியைத் தடுக்கின்றன, அடுப்புச் சூடு மழைக்கால ஈரத்தை ஓட்டுகிறது. மண்பானை காற்றையும் ஈரத்தையும் முழுதாகத் தடுக்காது. கேழ்வரகுக்கும் சாமைக்கும் அது குறையே இல்லை. எண்ணெய் வித்துக்குப் போதாது. பாரம்பரியம் என்றாலே பூரணம் என்று பேசுகிறவர்கள் மல்லாட்டையை எட்டு மாதம் பானையில் வைத்துப் பார்த்ததில்லை என்று தோன்றுகிறது.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் கடைத்தெரு இருக்கிறது. வெயில் அடிக்கும் கடை முகப்பில் உள்ளே தெரியும் பாலித்தீன் பாக்கெட்டுகள் மாதக்கணக்கில் தொங்குகின்றன. சான்று விதையின் அட்டையில் உள்ள 9 மாதக் கெடு, சோதனை நடந்த தேதியிலிருந்து எண்ணப்படுவது. அந்தக் கெடுவுக்குக் கடைக்காரரின் தகரக் கூரை தெரியாது. வாங்கும்போது உள்ளே இருட்டில், அலுமினிய உறையில் இருப்பதைக் கேட்டு வாங்குவதில் தவறில்லை.

மூப்படைந்த விதை உயிரை விடும் இடம் பெரும்பாலும் மூட்டை அல்ல, வயல். தண்ணீர் பட்டதும் மைட்டோகாண்ட்ரியா திடீரென்று ஓடத் தொடங்குகிறது, கெட்டுப்போன அந்த இயந்திரத்திலிருந்து புதிய ராடிக்கல்கள் கொட்டுகின்றன, ஓட்டையான சவ்வு வழியாகச் சர்க்கரையும் உப்பும் வெளியே கசிகின்றன. மண்ணில் உள்ள பூஞ்சைக்கு அது விருந்து. சோதனைச் சாலையில் 75 சதவீதம் முளைத்த விதை வயலில் 50க்கு இறங்குவது இப்படித்தான். அதற்காக ராடிக்கலை முழுதாக ஒழித்துவிட்டால் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டானால்தான் விதையின் உறக்கம் கலைந்து முளைப்பு தொடங்குகிறது. குறைந்தாலும் முளைக்காது, மிஞ்சினாலும் முளைக்காது.

நடுச் சேமிப்பில் செய்யக்கூடிய இரண்டு வைத்தியங்கள் உண்டு. ஒன்று, பிளீச்சிங் பவுடரையும் சுண்ணாம்புத் தூளையும் அரப்பு இலைத்தூளோடு சேர்த்து, கிலோவுக்குச் சில கிராம் அளவில் விதையோடு கலந்து மூடி வைப்பது. அதிலிருந்து மெல்ல வரும் குளோரின் கொழுப்பின் இரட்டைப் பிணைப்பில் போய் உட்கார்ந்து, ராடிக்கல் கடிக்கும் இடத்தை அடைத்துவிடுகிறது என்பது இதன் விளக்கம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகளில் இது இருக்கிறது. மற்றொன்று, விதையைச் சில மணி நேரம் தண்ணீர் ஏற்க விட்டு மறுபடி பழைய ஈரத்துக்கே உலர்த்துவது. அந்தக் குறுகிய நேரத்தில் பழுதுவேலை நொதிகள் விழித்து, சேர்ந்த சேதத்தில் ஒரு பகுதியைச் சரிசெய்துவிடுகின்றன. நெல்லை நேராக ஊறவைக்கலாம். மல்லாட்டைப் பருப்பை அப்படிப் போட்டால் தோல் பிளந்துவிடும், ஈர மணலோடு கலந்து மெதுவாக ஈரம் ஏற்றி உலர்த்த வேண்டும். எந்த முறையானாலும் திறன் கிடுகிடுவென்று விழத் தொடங்கும் முன்பே செய்தாக வேண்டும். சித்திரைக் காய் வைத்திருப்பவர் ஆவணியிலேயே நூறு விதையை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து எண்ணிப் பார்ப்பது நல்லது. நூற்றுக்கு 70 என்பது மல்லாட்டைக்குச் சான்று விதையின் குறைந்தபட்ச அளவு. 80க்கு மேல் இருக்கும்போது செய்யும் வைத்தியம் பலிக்கும். 60க்கு வந்த பிறகு அந்த மூட்டையைச் செக்குக்கு அனுப்பிவிட்டு வேறு விதை தேடுவதே லாபம், காறல் ஏறுவதற்குள் அனுப்பினால் எண்ணெயாவது தேறும்.